இத்தாலிய மெனு அட்டையைப் படிப்பது எப்படி?

பாஸ்தாவையும் கோழியையும் ஒன்றாகக் கேட்டுவிட்டு, இரண்டும் சேர்ந்து வரும், தொட்டுக்கொண்டு சாப்பிடலாம் என்று காத்திருக்கும் நம்மவர்களை இத்தாலியில் அடிக்கடி பார்க்கலாம். முதலில் பாஸ்தா மட்டும் வரும். கோழி எங்கே என்று கண்கள் சர்வரைத் தேடும். அவர் போகிற போக்கில் கையசைத்துவிட்டு நகர்ந்துவிடுவார். பாஸ்தா ஆறிக்கொண்டிருக்கும். அந்தத் தட்டு காலியாகும்வரை கோழி வெளியே வராது. கடைசியில் வரும்போதும் ஓர் எலுமிச்சைத் துண்டைத் தவிர அதற்குத் துணை எதுவும் இருக்காது.

சமையலறையில் யாரும் எதையும் மறந்துவிடவில்லை. இத்தாலியச் சாப்பாடு ஒன்று முடிந்து ஒன்றாக வருவது. நம் வாழையிலையிலும் வரிசை உண்டுதான்: சாம்பார், பிறகு ரசம், பிறகு மோர். ஆனால் சோறு கடைசிவரை கூடவே இருக்கும். கூட்டும் பொரியலும் அப்பளமும் முதலிலேயே இலைக்கு வந்துவிடும். எதை எதோடு சேர்ப்பது என்பது சாப்பிடுகிறவரின் விருப்பம். இத்தாலியில் அந்தச் சேர்க்கையைச் சமையல்காரர் முடிவு செய்துவிடுகிறார். எது எதற்குப் பின் என்பதை மெனு அட்டை சொல்லிவிடுகிறது. அந்த வரிசை பிடிபட்டால், அளவு ஏன் இவ்வளவு, பில்லில் ஏன் இந்தத் தொகை என்பவையும் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

மிலானிலோ தூரினிலோ பொலோன்யாவிலோ படிக்கவும் வேலைக்கும் வந்து சேர்ந்தவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். லண்டன், டொரண்டோ போன்ற ஊர்களின் இத்தாலிய உணவகங்களுக்கு நடைமுறை வேறு. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஐந்து தலைப்புகள்

அட்டையின் முதல் பகுதி ஆன்டிபாஸ்தி. சுட்ட ரொட்டியில் தக்காளி வைத்த ப்ருஸ்கெட்டா, எண்ணெயில் ஊறிய கத்தரிக்காய், கண்ணாடி போல மெல்லிதாகச் சீவிய பன்றித்தொடை என்று பசியைக் கிளப்பும் சிறு பண்டங்கள். இருவருக்கு ஒன்று வாங்கிப் பகிர்ந்துகொள்வது சாதாரணம்.

அடுத்தது ப்ரீமி, அதாவது முதல் சுற்று. பாஸ்தா, அரிசியைச் சாற்றில் வேகவைக்கும் ரிசோட்டோ, உருளைக்கிழங்கு மாவில் செய்யும் ந்யோக்கி, சூப் எல்லாம் இங்கே. மாவும் அரிசியும் இந்தச் சுற்றோடு முடிந்துவிடுகின்றன என்பதுதான் நாம் கவனிக்கவேண்டியது. பாஸ்தா எதற்கும் துணையாக வருவதில்லை. அதுவே ஒரு முழுப் பண்டம். ஒருவருக்கு வேகவைக்காத நிலையில் 80 முதல் 100 கிராம் எடுப்பார்கள். தட்டைப் பார்த்து இவ்வளவுதானா என்று தோன்றினால், பின்னால் இன்னொரு சுற்று வரும் என்ற கணக்கில் போட்ட அளவு அது என்று எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் லேசாகக் கடிபடும் பதத்தில்தான் இறக்குவார்கள். நமக்கு முதலில் அது வேகாத நூடுல்ஸ் போலத் தோன்றும். இன்னும் கொஞ்சம் வேகவைத்துத் தரச் சொல்லி எந்தப் பயனும் இல்லை. அந்தக் கோரிக்கை சமையலறைக்குப் போய்ச் சேருமா என்பதே சந்தேகம்.

மூன்றாவது செகோந்தி: இறைச்சி, மீன். நீங்கள் கேட்ட துண்டு தட்டில் தனியாக வரும். காய்கறி, சாலட், வறுத்த உருளைக்கிழங்கு வேண்டுமென்றால் நான்காவது பகுதியான கொன்தோர்னியில் பார்த்துத் தனியாகச் சொல்லவேண்டும், விலையும் தனி. இரண்டும் ஒரே நேரத்தில் மேசைக்கு வரும். இந்த விதிக்கு மிலான் நகரத்தில் புகழ்பெற்ற விதிவிலக்கு ஒன்று உண்டு: கன்றின் கணைக்கால் எலும்புக்கறியான ஒஸ்ஸோபூக்கோவைக் குங்குமப்பூ ரிசோட்டோவோடு ஒரே தட்டில் தருவார்கள். ஐந்தாவது தோல்ச்சி, இனிப்புகள்.

ஐந்தையும் கேட்டுத்தான் ஆகவேண்டுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வேண்டாம். திருமண விருந்திலும் ஞாயிறு மதியக் குடும்பச் சாப்பாட்டிலும்தான் இத்தாலியர்களே ஐந்தையும் தொடுகிறார்கள். சாதாரண மாலையில் ஓர் ஆன்டிபாஸ்தியும் ஒரு பாஸ்தாவும், அல்லது ஓர் இறைச்சியும் ஒரு சாலடும் போதும். ஒரு பாஸ்தாவோடு எழுந்து போனாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஒரே தட்டு பாஸ்தாவை நாலு பேர் நடுவில் வைத்துக்கொள்வது மட்டும் அங்கே வழக்கமில்லை.

எல்லாம் சேர்ந்து வந்தால்தான் இறங்கும் என்பவர்களுக்கும் வழி இருக்கிறது. ‘தூத்தோ இன்சியெமே’ என்று சொன்னால், எல்லாவற்றையும் ஒன்றாகக் கொண்டுவந்துவிடுவார்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இந்த இரண்டு சொற்கள் பெரிய உபகாரம்.

நேரத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மதியச் சாப்பாடு பன்னிரண்டரையிலிருந்து இரண்டரை வரை. இரவுச் சாப்பாடு ஏழரைக்கு மேல். இடைப்பட்ட நேரத்தில் பெரும்பாலான சமையலறைகள் மூடியிருக்கும். மாலை ஐந்து மணிக்கும் கதவைத் திறந்து வைத்து, வாசலில் பாஸ்தாவின் வண்ணப்படங்களை மாட்டி, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைக்கும் கடைகள் சுற்றுலாப் பயணிகளுக்கானவை. அங்கே வசிப்பவர்களுக்கு அவை வேண்டாம். மாறாக, வேலை நாள்களின் மதியத்தில் அலுவலகப் பகுதிகளில் உள்ள சிறிய கடைகள் ஒரே விலையில் ஒரு பாஸ்தா, ஓர் இறைச்சி அல்லது காய்கறி, தண்ணீர், காபி எல்லாம் சேர்த்துத் தருகின்றன. மாணவர்களுக்கு இதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. அளவான செலவில் முழு வரிசையும் பழகிவிடும்.

பீட்சா தனி வழி

பீட்சா இந்த வரிசைக்குள் அடங்காது. அதற்கென்று இருக்கும் பீட்சேரியாவில் ஆளுக்கு ஒரு முழு பீட்சாதான் கணக்கு. பெரும்பாலும் வெட்டாமலே வரும். கத்தியும் முள்கரண்டியும் கொடுத்துவிடுவார்கள். கையால் எடுத்துச் சாப்பிட்டாலும் தப்பில்லை.

நாபொலி (நேப்பிள்ஸ் நகரம்) முறை பீட்சாவைக் கடைகளில் விற்கும் தடித்த ரொட்டி பீட்சாவோடு குழப்பிக்கொள்ளக்கூடாது. 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் நாபொலி பீட்சாவைப் பாரம்பரியச் சிறப்புணவாகப் பதிவு செய்தது. அந்தப் பதிவின்படி விறகு அடுப்பின் தளம் ஏறத்தாழ 485 டிகிரி செல்சியஸ். வேகும் நேரம் 60 முதல் 90 வினாடி. விட்டம் 35 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. இந்த எண்களின் விளைவைத் தட்டிலேயே பார்க்கலாம். அவ்வளவு சூட்டில் விளிம்பு சட்டென்று உப்பி, அங்கங்கே கறுத்த புள்ளிகளோடு நிற்கிறது. நடுப்பகுதி காய்வதற்குள் பீட்சா வெளியே வந்துவிடுவதால், தக்காளிச் சாறும் மொஸரெல்லா சீஸின் பால்நீரும் சேர்ந்து நடுவில் குளமாகத் தேங்குகின்றன. ஒரு துண்டைத் தூக்கினால் நுனி தொங்கிவிடும். வேகவில்லை என்று திருப்பி அனுப்பவேண்டாம். அதன் இயல்பே அதுதான். நாபொலித் தெருக்களில் முழு பீட்சாவையும் நாலாக மடித்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு நடந்தபடியே சாப்பிடுகிறார்கள். இந்தப் பீட்சாத் தொழிலாளர்களின் கலையை யுனெஸ்கோ 2017-இல் மானுடப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மார்கரீத்தா பீட்சா 1889-இல் ராணி மார்கரீத்தாவுக்காகச் செய்யப்பட்டது என்ற கதையை எந்தக் கடையிலும் சொல்வார்கள். வரலாற்றாய்வாளர்கள் அதை அப்படியே நம்புவதில்லை. பீட்சா நன்றாக இருக்கிறது, அதனால் கதையை மன்னித்துவிடலாம்.

சைவம் என்று சொன்னால் போதுமா?

போதாது. நம்மவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

‘வெஜெத்தாரியானோ’ என்றால் சர்வருக்குப் புரியும். இறைச்சித் துண்டும் மீன் துண்டும் இல்லாமல் கொடுத்துவிடுவார். ஆனால் ரிசோட்டோ மாட்டிறைச்சி அல்லது கோழி வேகவைத்த சாற்றில் வெந்திருக்கலாம். காய்கறி சூப்பான மினெஸ்த்ரோனேயில் வாசனைக்காகப் பன்றிக்கொழுப்பு வதங்கியிருக்கலாம். தக்காளி, ஆலிவ் என்று சாதுவாகத் தோன்றும் புத்தனேஸ்கா பாஸ்தாவில் பெரும்பாலும் நெத்திலி கரைந்திருக்கும்; ‘நாபொலி’ என்ற பெயரில் அட்டையில் வரும் பீட்சாவிலும் நெத்திலிதான். பான்னா கொத்தா என்ற பால் இனிப்பை உறையவைப்பது ஜெலட்டின். திராமிசுவில் பச்சை முட்டை இருக்கும், பல இடங்களில் மதுவும்.

சீஸ் விஷயம் இன்னும் நுட்பமானது. பார்மேசன் என்று நாம் அறியும் பார்மிஜானோ ரெஜ்ஜானோவைக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருளைக் கொண்டுதான் செய்யவேண்டும் என்பது அதன் விதிமுறையிலேயே இருக்கிறது. ரோமாபுரியின் பெகொரீனோ ரொமானோவுக்கு ஆட்டுக்குட்டியிடமிருந்து எடுக்கிறார்கள். பாஸ்தாவின் மேல் தூவும் அந்தப் பொடியை இத்தாலியச் சைவர்கள் பலர் பொருட்படுத்துவதில்லை. சர்வருக்கும் அது தோன்றாது. உங்களுக்கு அது ஒரு பொருட்டானால் நீங்கள்தான் கேட்கவேண்டும். பெஸ்தோ என்ற பச்சை இலைத் துவையலில் இந்தச் சீஸ் அரைத்தே சேர்க்கப்பட்டிருக்கிறது. எடுத்துவிடச் சொல்ல முடியாது.

முட்டையைத் தவிர்ப்பவர்களுக்கு ஓர் எளிய அடையாளம் உண்டு. ஸ்பகெட்டி, பென்னே போன்ற உலர்ந்த பாஸ்தாவைக் கெட்டிக் கோதுமை ரவையும் தண்ணீரும் கொண்டுதான் செய்யவேண்டும் என்று 1967-இலிருந்தே சட்டம் சொல்கிறது. தல்யத்தெல்லே, லசான்யா, தொர்தெல்லினி போன்ற உலர்த்தாத புதுப் பாஸ்தாவில், குறிப்பாகப் பொலோன்யா பக்கத்தில், முட்டை சேரும். தெற்கே போகப் போகப் புதுப் பாஸ்தாவும் முட்டையில்லாமல் கிடைக்கும்.

ஆகவே ‘நான் சைவம்’ என்பதோடு நிறுத்தாமல், வேண்டாதவற்றைப் பெயர் சொல்லி விலக்குவது நல்லது. ‘சென்ட்ஸா’ என்றால் ‘இல்லாமல்’. சென்ட்ஸா கார்னே: இறைச்சி வேண்டாம். சென்ட்ஸா பேஷே: மீன் வேண்டாம். சென்ட்ஸா உவோவா: முட்டை வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி 2014 டிசம்பரிலிருந்து உணவகங்கள் பதினான்கு ஒவ்வாமைப் பொருள்களைப் பற்றிய தகவலைத் தரவேண்டும். கேட்டால் பட்டியலைக் காட்டுவார்கள். முட்டை, பால், மீன், நிலக்கடலை அதில் இருக்கும். இறைச்சி ஒவ்வாமைப் பொருள் அல்ல என்பதால் இறைச்சிச் சாறு அதில் வராது. பட்டியல் சுத்தமாக இருக்கிறது என்று நம்பிவிடக்கூடாது.

பயமுறுத்தியது போதும். நிம்மதியாகச் சாப்பிட நிறையவே இருக்கிறது. தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய் மட்டும் போட்ட மரினாரா பீட்சாவில் சீஸே கிடையாது. பூண்டும் மிளகாயும் எண்ணெயில் வதக்கிய ஆல்யோ ஓல்யோ ஸ்பகெட்டி நம் நாக்குக்கு நேராகப் பேசும். கத்தானியாவின் நோர்மா பாஸ்தாவில் பொரித்த கத்தரிக்காய் குவிந்திருக்கும். மேலே தூவும் ரிக்கோத்தா சீஸை வேண்டாமென்றால் தவிர்க்கலாம். காரம் தேடுபவர்கள் அர்ராபியாத்தா பாஸ்தாவைக் கேட்கலாம். பீட்சேரியாக்களில் மிளகாய் ஊறிய எண்ணெய்ப் புட்டியும் கேட்டால் கிடைக்கும். ஆனால் பீட்சாவில் ‘பெபெரோனி’ என்று பார்த்துவிட்டுக் காரமான இறைச்சி வரும் என்று நினைக்காதீர்கள், வருவது குடமிளகாய். சைவர்கள் தாராளமாகக் கேட்கலாம்.

மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி தவிர்ப்பவர்கள் மான்ட்ஸோ, வித்தெல்லோ (மாடு, கன்று), மயாலே (பன்றி) என்ற மூன்று சொற்களை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும். ராகு என்ற கொத்துக்கறிக் குழம்பில் மாடும் பன்றியும் கலந்திருப்பது வழக்கம். ப்ரொஷுத்தோ, பஞ்செத்தா, குவான்சாலே, ஸ்பெக் எல்லாமே பன்றிதான். ரிசோட்டோவிலும் ராகுவிலும் சமைக்கும்போதே ஒயின் ஊற்றுவார்கள் என்பதை ஹலால் பார்ப்பவர்கள் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

ஊருக்கு ஊர்

இத்தாலி ஒரே நாடானது 1861-இல். சமையல் இன்னும் முழுமையாக ஒன்றாகவில்லை என்றே சொல்லலாம். ரோமில் முட்டையும் சீஸும் பன்றியிறைச்சியும் சேர்ந்த கார்பொனாரா பாஸ்தா கேளுங்கள், வெனிஸில் மீன் கேளுங்கள், பொலோன்யாவில் தல்யத்தெல்லே கேளுங்கள். எந்த ஊரிலும் எல்லாம் கிடைக்கும் என்று சொல்லும் கடையில் எதுவும் சிறப்பாக இருக்காது என்பது என் எண்ணம்.

நமக்குச் சொந்தம் கொண்டாட ஓர் ஊரும் உண்டு. சிசிலியின் பலெர்மோவில் 1980-களிலிருந்து ஈழத் தமிழர்கள் வாழ்கிறார்கள். அந்த நகரத்தின் காவல் புனிதரான சாந்தா ரொசாலியாவின் மலைக்குகைக் கோயிலுக்கு இந்துத் தமிழர்களும் ஏறிப் போகிறார்கள். அங்கே பல்லாரோ சந்தைப் பக்கம் போனால் ‘பனெல்லே’ கேட்டுப் பாருங்கள். கொண்டைக்கடலை மாவைக் கிளறி ஆறவைத்து, வில்லையாக வெட்டி, எண்ணெயில் பொரித்து, ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். சைவம், மலிவு.

இத்தாலிக்கு வெளியே இருக்கும் இத்தாலிய உணவகங்கள் புலம்பெயர்ந்தவர்களின் கையில் வேறொரு சமையலாக வளர்ந்தவை. தென் இத்தாலியிலிருந்து அமெரிக்கா போனவர்களுக்கு அங்கே இறைச்சி தாராளமாகக் கிடைத்தது. ஸ்பகெட்டியின் மேல் பெரிய கறி உருண்டைகள் ஏறி உட்கார்ந்தன. ஜெர்மனியில் 1955-இன் தொழிலாளர் ஒப்பந்தத்துக்குப் பின் வந்த இத்தாலியர்கள் பீட்சாவை மூலைக்கு மூலை கொண்டுபோனார்கள். லண்டனின் இத்தாலிய உணவகங்களில் பாஸ்தாவே சாப்பாட்டின் பிரதான பண்டம். ஸ்பகெட்டியின் மேல் ராகு ஊற்றிய ‘ஸ்பகெட்டி போலோனேஸ்’ இல்லாத அட்டை அபூர்வம். பொலோன்யாவிலோ ராகு தல்யத்தெல்லேயின் மேல்தான் வரும். அந்த ராகுவின் செய்முறையை 1982-இல் நகர வர்த்தக சபையில் பதிவே செய்து வைத்திருக்கிறார்கள். கார்பொனாராவில் க்ரீம் கிடையாது என்று ரோம் நகரத்தார் சண்டைக்கு வருவார்கள். ஆனால் இன்று தெரிந்தவரை அச்சில் வந்த முதல் கார்பொனாரா செய்முறை 1952-இல் சிகாகோ உணவகக் கையேடு ஒன்றில் வந்தது. 1954-இல் இத்தாலியப் பத்திரிகையில் வந்த செய்முறையில் பூண்டும் சுவிஸ் சீஸும் இருந்தன. எனவே வெளிநாட்டுக் கடையில் பூண்டு ரொட்டியும் சிக்கன் ஆல்ஃபிரெடோவும் சாப்பிட்டு மகிழ்ந்தவர்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. இத்தாலியில் அவற்றைத் தேடி ஏமாறாமல் இருந்தால் சரி.

பில்

உட்கார்ந்ததும் தண்ணீர் எது என்று கேட்பார்கள். ‘நத்துராலே’ சாதாரணம், ‘ஃப்ரிட்ஸான்தே’ சோடா. இரண்டும் புட்டியில் வரும், இரண்டுக்கும் காசு.

பில்லின் மேல் வரிசையில் ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஒன்றரை, இரண்டு யூரோ போட்டிருக்கும். மேசைவிரிப்பு, தட்டு, ரொட்டிக்கான கட்டணம் அது. ஏமாற்று அல்ல, அட்டையில் சிறிய எழுத்தில் எங்கோ அச்சிட்டிருப்பார்கள். ரோம் இருக்கும் லாத்ஸியோ மாகாணம் 2006-இல் சட்டம் போட்டு இதைத் தடுத்தது. பல கடைகள் அதே தொகையை ‘ரொட்டி’ என்ற பெயரில் எழுத ஆரம்பித்தன. ‘செர்வீட்ஸியோ’ என்று சதவீதம் இருந்தால் அது சேவைக் கட்டணம். டிப்ஸ் எதிர்பார்க்கப்படுவதில்லை, மனம் நிறைந்தால் சில நாணயங்களை விட்டு வரலாம்.

உண்மையான ஆபத்து மீன் பகுதியில் ஒளிந்திருக்கிறது. ‘6 யூரோ’ என்று பார்த்ததும் மலிவு என்று மகிழ்ந்துபோய்ச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் ‘எத்தோ’ என்ற சிறு சொல் இருக்கும். எத்தோ என்பது 100 கிராம். சர்வர் தட்டில் ஏந்திக் காட்டும் அந்த அழகான மீன் 700 கிராம் இருந்தால் விலை 42 யூரோ. எடை தலை, முள் எல்லாம் சேர்த்து. அடுப்புக்குப் போகும் முன்பே எடை எவ்வளவு என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம், இத்தாலியர்களும் கேட்கிறார்கள். பண்டத்தின் பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தால், அது உறைபதனம் செய்த பொருளில் செய்தது என்று பொருள். அட்டையின் அடியில் குறிப்பு இருக்கும்.

சாப்பாடு முடிந்ததும் காபி வரும்; கப்புச்சீனோ காலை நேரத்துப் பானம். இரவில் கேட்டால் கொடுப்பார்கள், லேசாகச் சிரித்துக்கொண்டு. ‘லாத்தே’ என்று மட்டும் கேட்டால் ஒரு தம்ளர் வெறும் பால்தான் வரும். பால் கொஞ்சம் வேண்டும் என்பவர்கள் ‘மக்கியாத்தோ’ கேட்கலாம்.

பில்லைத் தானாகக் கொண்டுவரமாட்டார்கள். மேசை இரவு முழுக்க உங்களுடையது என்பது எண்ணம். சாப்பிட்டு முடித்தவரிடம் பில்லை நீட்டுவது போகச் சொல்வது போலாகிவிடும். ‘இல் கோந்தோ, பெர் ஃபவோரே’ என்று நீங்கள்தான் கேட்கவேண்டும். சிறிய கடைகளில் எழுந்து கல்லாவுக்குப் போய்க் கொடுப்பதும் உண்டு. நண்பர்கள் கூட்டமாகப் போனால் அவரவர் சாப்பிட்டதைத் தனித்தனியாகக் கணக்குப் பார்ப்பதில்லை. தொகையைத் தலைக்குச் சமமாகப் பிரித்துவிடுவார்கள். பச்சைச் சாலடோடு நிறுத்திக்கொண்டவர் பக்கத்து நாற்காலிக்காரரின் மாட்டிறைச்சிக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டி வரும். அது பிடிக்காதவர்கள் அட்டையைத் திறக்கும்போதே சொல்லிவிட வேண்டும்.